வண்டிக்குப் பின்னால் நின்றவர்கள்

அன்று கிடங்கில் இருந்தவர்கள் ஏழு பேர்.

மேனேஜர் குணாளன். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டக் கற்றுத் தரும் ஜெசிந்தா. அவரிடம் கற்றுக்கொள்ளும் ஏகாம்பரம். லோடுமேன்கள் இருவர்: கஜேந்திரன், ஒடிசாவிலிருந்து வந்த சுதாம். வாசலில் உட்கார்ந்து நோட்டு எழுதும் தணிகாசலம். மதியம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்த தெலுங்கு லாரி டிரைவர் ராயுடு.

ஏழு பேருக்கும் சேர்த்துக் கால்கள் பதின்மூன்றரை.

இந்தக் கணக்கு ஜெசிந்தாவுடையது. சோழவரத்தைச் சுற்றியுள்ள மற்ற கிடங்குகளில் தலையை எண்ணி ஆளை உள்ளே விடுவார்கள். இவர் கால்களை எண்ணி உள்ளே விடுவார், எண்ணி வெளியே அனுப்புவார்.

கையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு ஷூவின் மூக்கிலும் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே இரும்புக் கவசம் இருந்தால் டக்கென்று கேட்கும். கேட்காவிட்டால் உள்ளே போக முடியாது. மேனேஜர் குணாளனே ஒருநாள் தோல் ஷூவோடு வந்து அரை மணி நேரம் வெளியே நின்றிருக்கிறார்.

தணிகாசலத்தின் இடது காலுக்கு மட்டும் விலக்கு. அந்தக் காலில் முன்பாதி இல்லை. இரும்பு ஷூ நிற்காது என்பதால் கான்வாஸ் ஷூவுக்குள் பழைய லுங்கித் துணியைத் திணித்துப் போட்டிருந்தார். அதையும் ஜெசிந்தா தட்டுவார். பொத்தென்று கேட்கும்.

"அதை ஏம்மா தட்டற? உள்ள வெறும் லுங்கிதான்."

"பாதி இருக்கே அண்ணா."

"அப்ப என்னை அரை ஆளுன்ற."

"அரை கால்லதான். ஆள் முழுசு."

வரிசையின் கடைசியில் கஜேந்திரன் சிரித்தார். "சந்தையில ஆடு புடிக்க வந்த மாதிரியே எண்றாங்கப்பா. இனிமே பல்லைப் புடிச்சுப் பார்ப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் அன்று விடியற்காலை மூன்று மணியிலிருந்தே விழித்திருந்தார்.

அது நவம்பர் முப்பதாம் தேதி.

ஏகாம்பரத்துக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் பத்தொன்பது வருஷம் இந்தக் கிடங்கில் டைல்ஸ் பெட்டி தூக்கியதிலேயே போய்விட்டது. டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் பெட்டிகளைக் கொண்டுபோக ஓடும் பெல்ட் வருகிறது. லோடுமேன்களில் வயதில் இளைய இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஏகாம்பரத்துக்கு இருந்தது ஒரே வழி. வண்டி ஓட்ட ஒரு ஆள் வேண்டும். ஜெசிந்தா கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால் அந்த இடம் அவருக்கு. கடைசி நாள் முப்பது.

ஜெசிந்தா அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர். பழவேற்காட்டுப் பெண். அதிகம் பேசமாட்டார். நாற்பத்தொரு நாளாக ஏகாம்பரத்துக்கு வண்டி கற்றுத் தருகிறார். டிரம்களுக்கு நடுவே வளைத்து ஓட்டச் சொன்னார், ஓட்டினார். தண்ணீர் நிரம்பிய வாளியைச் சிந்தாமல் தூக்கச் சொன்னார், தூக்கினார். பின்னால் போகும்போது கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். கழுத்து பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்தார்.

ஆனால் கியரில் கை வைத்தால் நடுங்கியது. முதல் நாளும் நடுங்கியது. நாற்பத்தொன்றாம் நாளும் நடுங்கியது.

வாசலில் எண்ணி முடித்து எல்லோரும் உள்ளே போன பிறகு ஏகாம்பரம் தயங்கி நின்றார்.

"டீச்சர், இன்னிக்கு முப்பது."

"தெரியும் அண்ணா."

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து விழலன்னா, நாளைக்கு இந்த கேட்டு எனக்குத் தொறக்காது."

"தெரியும்."

"ஓட்றதுல எதுனா தப்பு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா டீச்சர்?"

ஜெசிந்தா ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அன்னிக்கி வண்டிக்குப் பின்னாடி எத்தனை பேர் நின்னீங்க?"

நாற்பத்தொரு நாளும் இதே கேள்வி. பாடம் முடிந்ததும் கேட்பார். ஏகாம்பரமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"ரெண்டு பேரு."

"சரி. நாளைக்குப் பார்ப்போம்."

"நாளைக்கு ஏது டீச்சர்?"

"அப்போ இன்னிக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா உள்ளே போனார்.

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

அன்னிக்கி என்று அவர் கேட்டது மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையை. அப்போது ஜெசிந்தா இங்கே இல்லை. வேறொருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி எத்தனை கிலோ தூக்கும் என்று அதன் மேலேயே ஒரு தகட்டில் எழுதியிருக்கும். அந்தக் கிடங்கில் யாரும் அதைப் படித்ததில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தது சரியாக அந்தத் தகட்டின் மேல்தான். எட்டு வருஷத்துச் சந்தனம் காய்ந்து, எண் மறைந்துவிட்டது.

பாரம் அதிகமானால் முன்பக்கம் தாழ்ந்து பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். "வால் தூக்குது," என்பார்கள். பெட்டியை இறக்கிப் பாரத்தைக் குறைக்க யாருக்கும் பொறுமை கிடையாது. இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு வண்டியின் பின்பக்கம் ஏறி நிற்கச் சொல்வார்கள். அந்தக் கனத்தில் வால் இறங்கும். வண்டி போகும். பின்னால் நிற்பவர்கள் ஊர்வலம் போவதுபோல் கையாட்டிக்கொண்டு போவார்கள். வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தது.

அன்று நின்றவர்கள் ஏகாம்பரமும் தணிகாசலமும். தொண்ணூற்றாறு பெட்டிப் பாரம். வண்டி நின்ற இடத்திலேயே பாரத்தைத் தூக்கியது. பின்சக்கரம் ஒரு விரற்கடை எழும்பி, ஒரு கணம் அப்படியே நின்று, தரையில் இறங்கியது.

அந்த ஒரு கணத்தில் ஏகாம்பரம் குதித்துவிட்டார்.

குதிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. முழங்கால் குதித்தது. அவர் தரையில் இருந்தார். கனம் குறைந்ததும் வால் ஒரேயடியாக மேலே போனது. தணிகாசலம் சறுக்கிக் கீழே விழுந்தார். முன்னால் பெட்டிகள் சரிந்து நொறுங்கின. முன்பாரம் போனதும் வண்டியின் வால் தொப்பென்று கீழே வந்தது. வந்த இடத்தில் தணிகாசலத்தின் இடது கால் இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் ஏகாம்பரம் சொன்னது இது: "ரெண்டு பேரும் நின்னுனு இருந்தோம் சார். தூக்கி வீசிடுச்சு." அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். வண்டி ஓட்டியவரின் கண் முன்பக்கப் பாரத்தின்மேல் இருந்தது. பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

ஜூன் மாதம் தலைமை அலுவலகம் ஜெசிந்தாவை அனுப்பியது. வந்த முதல் நாள் அவர், "அண்ணா, துடைக்கலாமா?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியால் தகட்டைத் துடைத்தார். பக்கத்தில் வேறு இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். தகட்டில் இரண்டாயிரத்து இருநூறு கிலோ என்று இருந்தது. ஒரு பெட்டி முப்பது கிலோ. ஓர் அடுக்குக்குப் பன்னிரண்டு பெட்டி. பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் மரப் பலகையான பேலட் முப்பது கிலோ.

"ஆறு அடுக்கு. எழுபத்திரண்டு பெட்டி. அதுக்கு மேல ஒன்னும் கூடாது," என்றார்.

மறுநாள் ஓர் ஆளுக்கு ஒரு மூட்டை என்ற கணக்கில், அறுபத்தைந்து கிலோ மணல் மூட்டைகளை வண்டியின் பின்னால் கட்டி வைத்து, முன்னால் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். பின்னால் மூட்டையே இல்லாவிட்டால் தொண்ணூற்று ஒன்றாவது பெட்டிக்கு வால் எழுந்தது. ஒரு மூட்டை இருந்தால் இன்னும் நான்கு பெட்டி தாங்கியது. இரண்டு மூட்டைக்கு எட்டு.

விபத்து அறிக்கையை எடுத்துப் படித்தார். தொண்ணூற்றாறு பெட்டி, பின்னால் இருவர் என்று இருந்தது.

"இடிக்குதே," என்றார். "ரெண்டு பேர் நின்னா தொண்ணூத்தெட்டு வரைக்கும் தாங்கணும்."

அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. கணக்கை எழுதிய தாளைத்தான் பார்த்தார். ஆனால் ஏகாம்பரத்துக்கு முதுகு வியர்த்துவிட்டது.

இரண்டு மணிக்கு ராயுடுவின் லாரி வந்தது.

ரப்பர் செருப்போடு இறங்கியவரை ஜெசிந்தா வாசலிலேயே நிறுத்தி, வாசலில் மாற்றாக வைத்திருந்த இரும்பு ஷூவைக் கொடுத்தார்.

"நேனு லோடு ஏத்த வரலம்மா. நின்னு பார்க்க வந்தேன்."

"பார்க்கறவங்களுக்கும் கால் இருக்கே அண்ணா."

டக், டக் என்று தட்டிவிட்டு உள்ளே விட்டார்.

ராயுடு நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்குமேல் கிளம்பினால் நகரத்துக்குள் கனரக லாரிகளை விடும் நேரம் முடிந்துவிடும். ஏற்ற வேண்டியது ஆறு பேலட். தொழிற்சாலையிலிருந்து ஒவ்வொன்றும் எட்டடுக்கோடு வந்திருந்தது. தொண்ணூற்றாறு பெட்டி வீதம் ஐந்நூற்று எழுபத்தாறு பெட்டிகள்.

லாரி மழையில் வழுக்கி வழுக்கித் திரும்பி, மேடைக்கு முதுகு காட்டி நிற்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. குணாளன் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெசிந்தா வண்டிச் சாவியை ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க ஓட்டுங்க."

"டெஸ்ட்டா டீச்சர்?"

"லோடு அண்ணா."

ஏகாம்பரம் ஏறி உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வண்டியின் இரண்டு இரும்புக் கரங்களையும் முதல் பேலட்டுக்கு அடியில் நுழைத்துத் தூக்கினார். பாரம் எழும்பவில்லை. அவருக்குக் கீழே இருக்கைதான் மெல்ல எழும்பியது.

வால் தூக்கியது.

உடனே பாரத்தைக் கீழே விட்டார்.

"மேல ரெண்டு அடுக்கு எறக்கணும் சார்," என்றார்.

"ஒவ்வொரு பேலட்லயும் ரெண்டு அடுக்கா? ஆறுக்கும் எறக்கினா நூத்து நாப்பத்து நாலு பெட்டி. அதை எறக்கி மறுபடி அடுக்கி ஏத்த நேரம் எங்க இருக்கு?" குணாளனின் குரல் உயர்ந்தது. "கஜா! சுதாம்! பின்னாடி ஏறுங்கப்பா. இன்னிக்கு ஒரு நாள்தான்."

கஜேந்திரன் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் தூணோரம் ஸ்கேலோடு நின்றார். ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரை இன்னா பார்க்கற? நான் சொல்றேன், ஏறு." குணாளன் ஏகாம்பரத்திடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஏகாம்பரம், நாலு மணிக்குள்ள ஆறும் ஏத்திட்டன்னா, அந்தம்மா போட்டாலும் போடாட்டியும் உனக்காகத் தலைமை அலுவலகத்துல நான் பேசறேன். வாக்கு. இல்லன்னா உன் இஷ்டம். இன்னிக்கு இன்னா தேதின்னு உனக்கே தெரியும்."

வண்டி இரண்டு முறை ஆடியது. கஜேந்திரன் இடப்பக்கம் ஏறினார். சுதாம் வலப்பக்கம் ஏறினார்.

"நான் வெயிட்டு ஆளு சார்!" சுதாம் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "காலைல எட்டு இட்லி!"

"எட்டா? என்கிட்ட ஆறுன்னு சொன்ன?" என்றார் கஜேந்திரன்.

ஏகாம்பரத்தின் கை கியரின்மேல் இருந்தது. அது நடுங்கிய நடுக்கத்தில் கியரின் குமிழ் கடகடவென்று சத்தம் போட்டது. தூக்கினால் வேலை உண்டு. தூக்காவிட்டால் நாளை காலை எழுந்து எங்கே போவது என்று தெரியாது. பெரிய மகளுக்கு நர்சிங் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

"டீச்சர்," என்றார். "இன்னா பண்ணட்டும்?"

ஜெசிந்தா தூணோரத்திலிருந்தே கேட்டார்.

"பின்னாடி எத்தனை பேர் அண்ணா?"

ஏகாம்பரம் கழுத்தை முழுசாகத் திருப்பினார்.

சுதாம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். கஜேந்திரன் சிரிக்கவில்லை. ஒரு கைதான் கம்பியில் இருந்தது. அவருடைய முழங்கால் இரண்டும் லேசாக மடங்கியிருந்தன.

அந்த முழங்கால்களை ஏகாம்பரத்துக்குத் தெரியும். மே மாதத்திலிருந்து அவரும் அப்படிப்பட்ட முழங்கால்களின்மேல்தான் நடந்துகொண்டிருந்தார்.

கஜேந்திரன் குதிப்பார். வால் ஆடிய மறு கணமே குதித்துவிடுவார். அது அவருக்கே இன்னும் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சுதாம் மட்டும் நின்றிருப்பார்.

"எத்தனை பேர்?" ஜெசிந்தா மறுபடி கேட்டார்.

ஏகாம்பரம் சாவியைத் திருப்பினார். வண்டி அணைந்தது. கூரைமேல் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"ஒருத்தர்," என்றார்.

"இன்னாப்பா ஒருத்தர்? ரெண்டு பேர் நிக்கறாங்க, கண்ணு தெரியல?" என்றார் குணாளன்.

"அன்னிக்கும் ஒருத்தர்தான் சார்." ஏகாம்பரம் ஜெசிந்தாவைப் பார்த்துத்தான் பேசினார். "தணிகா மட்டுந்தான் நின்னுனு இருந்தான் டீச்சர். நான் நிக்கல. நான் குதிச்சிட்டேன். தூக்கி வீசிடுச்சுன்னு சொன்னது பொய்."

கஜேந்திரன் சத்தமில்லாமல் வண்டியிலிருந்து இறங்கினார். சுதாமுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் அவரும் இறங்கினார்.

மேடை ஓரத்தில் தணிகாசலம் நின்றிருந்தார். லாரிக்கான வாசல் சீட்டைக் கொடுக்க வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏகாம்பரம் அவரைப் பார்த்துவிட்டார். வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்ற மறந்து, இடுப்பில் இழுத்துப் பிடித்தது.

"தணிகா..."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"பக்கத்துல நின்னவனுக்குத் தெரியாதா? நீ காத்துல போனதை நான் பார்க்கல?"

"அப்புறம் ஏன்டா சொல்லல? அவ்ளோ பேர் வந்து விசாரிச்சாங்களே."

தணிகாசலம் சீட்டை ராயுடுவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் கான்வாஸ் ஷூவைப் பார்த்தார்.

"வால் ஆடினதும் எனக்கும் குதிக்கணும்னுதான் இருந்துச்சு ஏகா. ஒன்னு ரெண்டு எண்ணி, மூணுல குதிச்சிடலாம்னு நெனச்சேன். நீ ஒன்னுலயே குதிச்சிட்ட." மூச்சு விட்டார். "நான் முந்தியிருந்தா, நீ வாசல்ல உக்காந்து நோட்டு எழுதினு இருப்ப. உன் கையெழுத்துக்கு அது வேற கஷ்டம்."

ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இப்போ கணக்கு சரியா வருது," என்றார் ஜெசிந்தா.

"இன்னா கணக்கு? மணி மூணு!" குணாளன் கையை நீட்டினார். "சாவியைக் குடு. வேற யாராவது ஓட்டட்டும்."

ஏகாம்பரம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டினார்.

"ரெண்டு அடுக்கு எறக்கினா எடுக்கறேன் சார்."

"நாளைக்கு எந்த கேட்டுக்குப் போவ, யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். தெரியல."

குணாளன் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் ஸ்கேலைத் தரையில் வைத்துவிட்டு, முதல் பேலட்டின் உச்சியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.

"ஒன்னு," என்றார்.

"ரெண்டு," என்றார் கஜேந்திரன்.

"தீன்," என்றார் சுதாம்.

ராயுடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நின்னு பார்க்க வந்தவனை இப்டி ஆக்கிட்டீங்களே," என்று முணுமுணுத்துக்கொண்டே கை கொடுத்தார். தணிகாசலம் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதினார். மேனேஜர் கடிகாரம் பார்த்தார்.

ஆறடுக்கு ஆனதும் ஏகாம்பரம் தூக்கினார். வால் தரையில் கிடந்தது. போனார், இறக்கினார், திரும்பினார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பின்னால் யாரும் இல்லை.

இறக்கிய பெட்டிகளில் பாதியை அடுக்கிய ஒன்றையும் சேர்த்து, நாலு மணிக்கு ஏழு பேலட் லாரியில் இருந்தது. ஐந்நூற்று நான்கு பெட்டிகள்.

லாரி வாசலுக்கு வந்து நின்றது. ராயுடு ஷூவைத் திருப்பிக் கொடுக்க இறங்கினார். குணாளன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கஜேந்திரனும் சுதாமும் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வந்தார்கள். ஏகாம்பரம் கடைசியாக வந்தார்.

"மீதின்னு ஒரு கட்டம் இருக்கே. என்னன்னு எழுதட்டும்?" என்று நோட்டைப் பிரித்தார் தணிகாசலம்.

"எழுது. எழுபத்திரண்டு பெட்டி மீதி. காரணம் ஏகாம்பரம்னு எழுது," என்றார் குணாளன்.

தணிகாசலம் எண்ணை மட்டும் எழுதினார். காரணத்தை எழுதவில்லை.

ஜெசிந்தா பையிலிருந்து சீட்டை எடுத்தார். நான்காக மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. தணிகாசலத்திடம் பேனாவை வாங்கினார்.

"கை எப்படி அண்ணா இருக்கு?"

ஏகாம்பரம் கையை நீட்டிக் காட்டினார். மழைச் சாரலில் விரல்கள் ஆடின.

"நிக்கல டீச்சர்."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டு, ஈரம் படாமல் சீட்டை மூடி, அந்தக் கையிலேயே வைத்தார்.

"இது இன்னா நியாயம்?" குணாளன் குடையைத் தாழ்த்தினார். "எழுபத்திரண்டு பெட்டியைத் தரையில விட்டவனுக்குக் கையெழுத்தா?"

ஜெசிந்தா ஸ்கேலை எடுத்துக்கொண்டு குனிந்தார். குணாளனின் ஷூவிலிருந்து ஆரம்பித்தார். டக், டக். கஜேந்திரன். டக், டக். சுதாம். டக், டக். ராயுடு இன்னும் ஷூவைக் கழற்றவில்லை. டக், டக். தன்னுடையதையும் தட்டிக்கொண்டார்.

ஏகாம்பரம் சீட்டைப் பிடித்தபடி நின்றார். அதைப் பைக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அவர் கேக்கறது சரிதான டீச்சர். நடுக்கம் நிக்கல. லோடும் முடியல. பொய் வேற சொல்லியிருக்கேன். எதை வெச்சுப் போட்டீங்க?"

ஜெசிந்தா அவருடைய இரண்டு ஷூவையும் தட்டினார். தணிகாசலத்தின் வலது காலைத் தட்டினார். கான்வாஸ் ஷூவையும் தட்டினார். பொத்தென்று கேட்டது.

நிமிர்ந்தார்.

"பதின்மூன்றரை," என்றார்.